டாரஸ் லாரிக்கு பிரேக் ஏர் டேங்க்: வெல்டிங் வைப்பதா, பழசு போடுவதா, சின்னது போடுவதா?

கேள்வி, ஜூன் 3, காலை

பத்துச் சக்கர வண்டி, சொந்த வண்டி, நானே ஓட்டுகிறேன். தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடுதான் அதிகம். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் கேஜில் ஒரு முள் முழுசாக இறங்கிக் கிடக்கிறது, இன்னொன்று பாதியில் நிற்கிறது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பின் பிரேக் டேங்கில் கிளாம்ப் பட்டைக்கு ஓரமாக நுரை வருகிறது. வெல்டிங்காரர் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்கிறார். ஸ்பேர் கடைக்காரர் கொஞ்சம் சின்ன டேங்க் கையில் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். காயலான் கடையில் அதே அளவுப் பழசு கிடைக்கிறது. அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள், மூன்றில் எது?

ஜூன் 3, இரவு

மூன்றும் வேண்டாம் தம்பி. புதுசு வாங்குங்கள். அதே லிட்டர், அதே துளை அமைப்பு. ஏன் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன். சங்ககிரியில் பிரேக் வேலை மட்டும் பார்க்கிற பட்டறை என்னுடையது. பகலில் எழுத முடியாது, அதனால் துண்டு துண்டாகத்தான் வரும்.

வெல்டிங்கை முதலில் முடித்துவிடுவோம். நுரை வரும் இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, சரி. அதைச் சுற்றி எவ்வளவு தகடு மிச்சம் இருக்கிறது? வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மெலிந்துபோன தகட்டில் சூடு ஏற்றினால் பொட்டின் ஓரம் இன்னும் பலவீனமாகும். உள் பூச்சு எரிந்துபோகும், அங்கே அன்றைக்கே அடுத்த துரு தொடங்கும். டேங்குக்குள் கம்ப்ரஸர் ஆயில் படிந்திருக்கும். அந்த ஆவி தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

இன்னொன்று. அமெரிக்காவில் லாரி ஏர் பிரேக்குக்கான விதி, டேங்க் 500 பிஎஸ்ஐ அல்லது கம்ப்ரஸர் நின்றுவிடும் அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அதை 10 நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது. 500 பிஎஸ்ஐ என்றால் சுமார் 34 பார். நம் வண்டியில் ஓடுவது 8 பார், நாம் சொல்கிற 8 கிலோ. இவ்வளவு இடைவெளி வைத்துச் செய்த பாத்திரம் அது. பொட்டு வைத்த பிறகு அந்த இடைவெளியில் எவ்வளவு மிச்சம் என்று எந்த வெல்டிங்காரரும் சோதித்துக் கொடுப்பதில்லை. சோப்பு நுரை வரவில்லை என்பது கசிவு இல்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி, பலத்துக்குச் சாட்சி ஆகாது.

டேங்கில் தாங்கி, கொக்கி என்று எதையும்கூட வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது.

ஜூன் 4

ஒரு முள் முழுசாக இறங்கி இன்னொன்று பாதியில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. ஏரிலிருந்து ஈரத்தை எடுக்கிற ஏர் டிரையருக்குப் பின்னால் இருக்கிற நான்கு வழிப் பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு சர்க்யூட்டில், அதாவது தனித்தனியாக ஏர் போகிற வழிகளில் ஒன்றில், ஓட்டை விழுந்தால் மற்றதும் கொஞ்சம் இறங்கும். ஓர் அளவுக்கு வந்ததும் வால்வு மூடிக்கொண்டு மிச்சத்தைக் காப்பாற்றும். இரண்டு முள்ளும் பூஜ்யத்துக்குப் போயிருந்தால் டேங்கோடு அந்த வால்வையும் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 4, இரவு

காயலான் கடை டேங்க் பற்றி.

என் பட்டறை வாசலில் ஒரு பழைய டேங்கை நீளவாக்கில் அறுத்து மாட்டி வைத்திருக்கிறேன். வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கிறது. உள்ளே மேல் பாதியில் பூச்சு அப்படியே இருக்கிறது. கீழே, தண்ணீர் தேங்கிய மட்டம் வரைக்கும், கறுப்பாக அரித்துக் குழி குழியாக இருக்கிறது. நகத்தால் நெருடினால் செதில் உதிரும். பழைய டேங்க் வாங்க நினைக்கிற டிரைவர்கள் அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவதில்லை.

பழைய டேங்கில் துளை வழியே டார்ச் அடித்தால் நேர் எதிரே இருக்கிற இடம் மட்டும் தெரியும். சுத்தியலால் தட்டி ஒலியை வைத்துச் சொல்கிறேன் என்பவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை. அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி விபத்தில் சிக்கியதா, யாராவது பொட்டு வைத்துப் பெயின்ட் அடித்தார்களா, இதெல்லாம் விற்கிறவருக்கே தெரியாது. நல்ல டேங்கில் ஒரு தகடு இருக்கும். கொள்ளளவு, அதிகபட்ச அழுத்தம், தயாரித்தவர் பெயர், ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். ஐரோப்பியத் தரத்தில் செய்தது என்றால் இஎன் 286-2 என்று இருக்கும். லாரி ஏர் பிரேக் டேங்குக்கான தரம் அதுதான். தகடு இல்லாத டேங்கைத் தொடாதீர்கள், புதுசாக இருந்தாலும்.

ஜூன் 5

இனி லிட்டர். கடைக்காரர் சொல்கிற கொஞ்சம் சின்ன டேங்க் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை. வெல்டிங் தப்பு என்று பாதிப் பேருக்காவது தெரியும். சின்ன டேங்க் போட்டால் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வண்டி கிளம்பும், பிரேக் பிடிக்கும், எஃப்சியும் (வண்டித் தகுதிச் சான்று) ஆகிவிடும். வித்தியாசம் மலை இறக்கத்தில்தான் தெரியும்.

அமெரிக்க விதிக் கணக்கு எளிது. சக்கரத்தின் பக்கத்தில் ஏரை வாங்கித் தண்டைத் தள்ளி பிரேக் பிடிக்க வைக்கிற கிண்ணம்தான் பிரேக் சேம்பர். எல்லா பிரேக் சேம்பர்களின் கொள்ளளவையும் கூட்டிப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். டேங்குகளின் மொத்தக் கொள்ளளவு அதற்குக் குறையக் கூடாது. டிரெய்லருக்கு எட்டு மடங்கு. சேம்பர் எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். 24 எண் சேம்பருக்கு 67 கன அங்குலம், 30 எண் சேம்பருக்கு 89 என்று அந்த விதியிலேயே அட்டவணை இருக்கிறது. முன்னால் இரண்டு 24, பின்னால் நான்கு 30 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 490 கன அங்குலம், அதாவது 8 லிட்டர். பன்னிரண்டு மடங்கு 96 லிட்டர்.

ஐரோப்பாவில் வேறு மாதிரி கேட்கிறார்கள். கம்ப்ரஸர் ஏர் கொடுக்காத நிலையில் பிரேக்கை எட்டு முறை முழுசாக அழுத்தி விட வேண்டும். ஒன்பதாவது முறை அழுத்தும்போது அவசர பிரேக்குக்குத் தேவையான அழுத்தமாவது மிச்சம் இருக்க வேண்டும். லிட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை, விளைவைத்தான் கேட்கிறது. எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது.

வண்டி செய்த கம்பெனி இந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் டேங்க் வைத்திருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையைக் கூட்டியபோது, பத்துச் சக்கர வண்டிக்கு 25 டன்னாக இருந்த மொத்த எடை 28.5 டன் ஆனது. பாரம் கூடிய காலத்தில் டேங்கைக் குறைக்கிறோம் என்றால் எப்படி?

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

பழைய டேங்கில் தகடு உதிர்ந்துபோய்விட்டது, லிட்டர் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விட்டத்தையும் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். பாதி விட்டத்தை அதாலேயே பெருக்கி, 3.14-ஆலும் நீளத்தாலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். எல்லா அளவும் சென்டிமீட்டரில். 24 செ.மீ. விட்டம், 48 செ.மீ. நீளம் என்றால் 21.7 வரும். இரண்டு முனையும் குவிந்திருப்பதால் கொஞ்சம் குறையும். 20 லிட்டர் டேங்க் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 6

அப்படியானால் பெருசாகவே போட்டுவிடலாமே, 20-க்குப் பதில் 40? இப்படியும் கேட்டிருக்கிறார்கள்.

இடம் இருந்தால் ஒரு படி பெருசு போடுவதில் தப்பில்லை. ரொம்பப் பெருசு வேண்டாம். காலியிலிருந்து ஏர் ஏற நேரம் கூடும். காலையில் கிளம்ப அவசரப்பட்டு, முள் ஏறுவதற்குள் வண்டியை எடுக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடினால் சூடாகும். சூடானால் ஆயிலை அதிகம் தள்ளும், ஏர் டிரையரும் காய நேரம் கிடைக்காமல் தவிக்கும். இரட்டை சர்க்யூட் வண்டிக்கு அமெரிக்க டிரைவர் தேர்வில் ஓர் அளவு சொல்லிக்கொடுக்கிறார்கள்: எஞ்சின் உரிய வேகத்தில் ஓடும்போது 85 பிஎஸ்ஐயிலிருந்து 100-க்கு 45 நொடிக்குள் ஏற வேண்டும். டேங்க் மாற்றும் முன்பும் பின்பும் கைபேசியில் நேரம் வைத்துப் பாருங்கள். மாற்றும் முன்பே மெதுவாக ஏறினால் கம்ப்ரஸரோ குழாயோ கெட்டிருக்கிறது.

ஜூன் 7, இரவு

நேற்று முழுக்க லிட்டர் கணக்கு என் மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழையே பயன்படாது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பெடலை முழுசாக அழுத்தி விடும் ஒவ்வொரு முறையும் சேம்பருக்குள் போன ஏர் வெளியே போய்விடும். டேங்க் கொள்ளளவை, டேங்க் கொள்ளளவும் சேம்பர் கொள்ளளவும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து, கேஜ் காட்டுகிற அழுத்தத்தோடு வெளிக்காற்றின் 1 கிலோவைக் கூட்டி அதால் பெருக்கி, கடைசியில் அந்த 1-ஐக் கழித்தால் மிச்ச அழுத்தம் வரும். பின்னால் நான்கு 30 எண் சேம்பர், தண்டு கடைசி வரை வெளியே வருகிறது என்றால் ஒரு முறைக்கு 5.8 லிட்டர். தண்டுக்கும் பிரேக்குக்கும் நடுவில் இருந்து தேய்மான இடைவெளியைச் சரிசெய்கிற ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரியாக வைத்திருந்தால் தண்டு ஏறக்குறைய பாதி தூரம்தான் வரும், 2.9 லிட்டர் போதும்.

கம்ப்ரஸரைக் கணக்கில் சேர்க்காமல் 8 கிலோவில் தொடங்கி எட்டு முறை அழுத்திய பிறகு மிச்சம் இருப்பது இது:

20 லிட்டர் டேங்க், அட்ஜஸ்ட் லூஸ்: 0.2 கிலோ.
20 லிட்டர் டேங்க், அட்ஜஸ்ட் சரி: 2 கிலோ.
30 லிட்டர் டேங்க், அட்ஜஸ்ட் லூஸ்: 1.2 கிலோ.
30 லிட்டர் டேங்க், அட்ஜஸ்ட் சரி: 3.3 கிலோ.

நடுவில் இருக்கிற இரண்டு வரியைப் பாருங்கள். பிரேக் அட்ஜஸ்ட் லூஸாக இருக்கிற 30 லிட்டரை, சரியாக இருக்கிற 20 லிட்டர் தோற்கடிக்கிறது. குழாய்க்குள் இருக்கிற ஏர், சூடு எல்லாம் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. ஆகவே டேங்க் மாற்றுகிற அன்றைக்கே நான்கு பின் சக்கர அட்ஜஸ்டரையும் பாருங்கள். தானியங்கி அட்ஜஸ்டர் என்றாலும் தண்டு எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். அது கெட்டுப்போனால் சொல்லாமல் கெட்டுப்போகும்.

தொப்பூர் கணவாய் நம் எல்லோருக்கும் தெரியும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது அந்த இறக்கத்தில் எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற காரில் போய் மோதியிருக்கின்றன. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். கம்ப்ரஸர் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஏர் ஊறுவதும் மெதுவாகும். எஞ்சின் பிடிப்பும் இல்லை, அதனால் பெடலை மிதித்து மிதித்து விட வேண்டியிருக்கும். மேலே எழுதிய கணக்கு அப்போதுதான் நடக்கிறது. கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினும் பிடிக்கும், வேகமாகச் சுற்றுகிற கம்ப்ரஸர் போன ஏரைத் திரும்ப நிரப்பிக்கொண்டே வரும். டிரம் சூடாகிப் பிடிப்பு குறைவது தனிக் கதை. அதற்கு எந்த டேங்கும் உதவாது.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் கரும்பு லோடோடு இறங்குகிற டிரைவர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஜூன் 8

உப்பு லோடு என்று சொன்னீர்கள் அல்லவா, உங்கள் டேங்க் ஏன் ஓட்டையானது என்பதற்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். நுரை வந்தது பட்டை ஓரத்தில். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் ரப்பர் வைத்திருப்பார்கள். அந்த ரப்பர் கெட்டியாகி ஓரம் தூக்கினால் சேறும் உப்புத் தண்ணீரும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியில் எல்லாம் காய்ந்தாலும் அங்கே காயாது. உள்ளிருந்து வருகிற துருவைப் பற்றியே பேசுகிறோம், உப்பு வண்டி, மீன் வண்டிகளில் வெளியிலிருந்துதான் டேங்க் சாகிறது.

புது டேங்கைப் பழைய ரப்பரோடு மாட்டினால் இதே கதை திரும்பும். பட்டை, ரப்பர், போல்ட் மூன்றும் புதுசு. மாட்டுவதற்கு முன் பட்டை உட்காரும் இடத்தில் இன்னொரு கோட் பெயின்ட். உப்பு இறக்கிய பிறகு கேபினைக் கழுவுகிற தண்ணீரில் கொஞ்சம் சேஸ் அடியிலும் அடியுங்கள். வாரம் ஒரு முறை செய்தால்கூடப் போதும்.

ஜூன் 8, இரவு

அலுமினிய டேங்க் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். எடை குறைவு, துரு பிடிக்காது, விலை அதிகம். உப்பு லோடுக்கு நல்லதுதானே என்றால், முழுசாக ஆமாம் என்று சொல்ல மாட்டேன். அலுமினியமும் இரும்புப் பட்டையும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். ரப்பர் முழுசாக, கிழியாமல் இருக்க வேண்டும். அதன் மரையும் மென்மையானது, ஸ்பேனரில் பைப் மாட்டி இழுக்கிற கைகளுக்கு அது தாங்காது. ரப்பரைக் கவனிக்கிறவர் என்றால் போடலாம். கவனிக்க மாட்டோம் என்றால் நல்ல பூச்சு உள்ள இரும்பு டேங்கே போதும்.

ஜூன் 10

மரை. கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்.

நம் ஊர் வண்டிகளின் டேங்கிலும் ஐரோப்பிய டேங்கிலும் பெரும்பாலும் எம்22, 1.5 பிட்ச் நேர் மரை. அமெரிக்க வண்டிகளில் என்பிடி என்கிற கூம்பு மரை. சுரங்கத்திலோ துறைமுகத்திலோ ஓடுகிற வெளிநாட்டு வண்டிகளுக்கு டேங்க் தேடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றில் ஒன்று கொஞ்சம் ஏறும், பிடித்த மாதிரியும் இருக்கும். பழைய நிப்பிள் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்க் கையாலேயே திருகிப் பாருங்கள். கடைசி வரை கையிலேயே போக வேண்டும்.

நேர் மரையில் ஏரை அடைப்பது ஓரிங் அல்லது வாசர். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டியதில்லை, சுற்றவும் கூடாது. கிழிந்த டேப் துணுக்கு காற்றோடு போய் ரிலே வால்விலோ கால் வால்விலோ உட்கார்ந்தால், எங்கே கோளாறு என்று தேடியே ஒரு நாள் போய்விடும். பிரேக் விட்ட பிறகும் இறங்காமல் பிடித்துக்கொண்டே வந்த ஒரு வண்டியின் ரிலே வால்வைப் பிரித்தபோது, வெள்ளை டேப் சுருளாக வெளியே வந்தது. கூம்பு மரைக்குத்தான் மரைப்பசை வேண்டும், அதையும் முதல் இரண்டு மரையை விட்டுத் தடவ வேண்டும்.

துளைகள் எத்தனை, எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரெயின் வால்வுத் துளை மாட்டிய பிறகு ஆக அடியில் வர வேண்டும். கொஞ்சம் திரும்பி நின்றால்கூட அந்த உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் உள்ளே நிற்கும். வேண்டாத துளைக்கு ஓரிங்கோடு வருகிற அசல் பிளக் போடுங்கள். ஏதாவது ஒரு போல்ட்டைத் திருகி அடைக்காதீர்கள். சில வண்டிகளில் ஒரே உருளைக்குள் தடுப்பு வைத்து இரண்டு டேங்காக இருக்கும். அப்படிப்பட்டதற்குத் தடுப்பு இல்லாத டேங்க் போட்டால் இரண்டு சர்க்யூட்டும் ஒன்றாகிவிடும், ஒன்று போனால் இரண்டும் போகும். துளைகளை எண்ணும்போது இதையும் பாருங்கள்.

ஜூன் 12

டேங்க் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டப் போகிறேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். சரி. வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்படாமல் செய்யுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. ஏர் போகப் போக பின் சேம்பரில் இருக்கிற ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்கும், ஆனால் கட்டை கட்டாயம். பழைய வண்டிகளில் ஸ்பிரிங் பிரேக் இருக்காது. அங்கே ஏர் போனால் வண்டியைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஏர் இறக்கும்போது ஆக்சில் பக்கம் யாரும் படுத்திருக்கக் கூடாது, தண்டும் அட்ஜஸ்டரும் திடீரென்று நகரும். எல்லா டேங்கையும் இறக்குங்கள், மாற்றுகிற ஒன்றை மட்டும் இறக்கினால் போதாது. கேஜ் பூஜ்யம் காட்டினாலும் டிரெயின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டு அப்புறம்தான் நிப்பிளில் ஸ்பேனர் வைக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 8 கிலோவில் பறக்கிற துருத்துகள் கண்ணைக் கெடுத்துவிடும்.

டியூப்களுக்கு நிறப் பெயின்ட் வைத்து அடையாளம் செய்யுங்கள். ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள், டேங்கைக் கழற்றியதும் எல்லா டியூபும் ஒரே மாதிரி தொங்கும். நைலான் டியூப் முனை நசுங்கியிருந்தால் வெட்டி விடுங்கள். ஹேக்ஸா பிளேடு வேண்டாம், டியூப் கட்டர் வைத்து நேராக வெட்ட வேண்டும். சாய்ந்து வெட்டிய முனை புஷ் நிப்பிளுக்குள் ஓரிங்கைக் கிழிக்கும். உள் புஷ் வைத்து மாட்டுகிற வகை என்றால் அந்தப் புஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் டியூப் சூட்டில் சுருங்கி நழுவும்.

புது டேங்கின் பிளாஸ்டிக் மூடிகளை மாட்டுகிற நிமிடம் வரை கழற்றாதீர்கள். பழையதில் இருக்கிற எச்சரிக்கை சுவிட்ச், சேஃப்டி வால்வு, டெஸ்ட் நிப்பிள் எல்லாவற்றையும் புதுசுக்கு மாற்றுங்கள். எச்சரிக்கை விளக்கு சுவிட்சை மறந்துவிட்டு வயரைக் கட்டித் தொங்கவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பட்டை, டேங்கின் சுற்று வெல்டிங் தையல் மேல் உட்காரக் கூடாது. டேங்க் திரும்பாத அளவுக்கு இறுக்கினால் போதும், தகடு அமுங்கும் வரைக்கும் வேண்டாம். புதுத் துளை தேவைப்பட்டால் சேஸின் பக்கவாட்டுத் தகட்டில் மட்டும் போடுங்கள், மேல் கீழ் மடிப்பில் கூடாது. முடிந்தவரை இருக்கிற துளையையே பயன்படுத்துங்கள். சைலன்ஸர் பக்கம் நைலான் டியூப் நெருங்காமல் பாருங்கள்.

ஜூன் 13

மாட்டிய பிறகு சோதனை. முள் முழுசாக ஏறட்டும், எஞ்சினை நிறுத்துங்கள், சோப்புத் தண்ணீர். அப்புறம் கேஜைப் பாருங்கள். பெடல் அழுத்தாமல் ஒரு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது, அழுத்திப் பிடித்துக்கொண்டு 3-க்கு மேல் இறங்கக் கூடாது என்பது டிரெய்லர் இல்லாத வண்டிக்கு அமெரிக்க டிரைவர் தேர்வில் வைக்கிற அளவு. நம் கேஜில் 2 பிஎஸ்ஐ என்றால் 0.14 கிலோ, முள் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற அளவுக்கு அசைந்தால் எங்கோ கசிகிறது.

அடுத்து, கம்ப்ரஸர் ஏர் முதலில் வந்து சேருகிற ஈர டேங்க் தனியாக இருக்கிற வண்டிகளில் அதன் டிரெயினை மட்டும் திறந்து முழுசாகக் காலி செய்யுங்கள். பிரேக் டேங்கின் முள்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கூடவே இறங்கினால் ஒருவழி வால்வு கெட்டிருக்கிறது, அல்லது அம்புக்குறியை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். டேங்க் வேலைக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கிறது. பிரேக் நன்றாகவே பிடிக்கும், யாருக்கும் தெரியாது, கம்ப்ரஸர் குழாய் வெடிக்கிற நாளில்தான் தெரியவரும்.

ஜூன் 14

ஹார்னுக்கு அந்தப் புது டேங்கிலிருந்து ஒரு லைன் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருப்பவருக்கு: கூடாது. பிரேக் டேங்கில் எந்த நிப்பிளும் கூடுதலாகச் சேர்க்காதீர்கள். ஹார்ன், சீட், கேபின் தூசு அடிக்கிற பைப் எல்லாம் துணை சர்க்யூட்டிலிருந்து, பாதுகாப்பு வால்வுக்குப் பின்னால் இருந்து வர வேண்டும். அந்த டியூப் அறுந்தாலும் பிரேக் ஏர் போகாது. பல ராகம் பாடுகிற ஹார்ன் மத்திய மோட்டார் வாகன விதி 119-இன்படி எப்படியும் தடை செய்யப்பட்டது, அதை எந்த டேங்கிலும் மாட்ட வேண்டாம்.

ஜூன் 16, காலை

தம்பி படங்கள் போட்டிருக்கிறார். வேலை சுத்தமாக இருக்கிறது. பட்டை, ரப்பர் புதுசு, டிரெயின் நேர் கீழே. பழைய டேங்கிலிருந்து வந்த கசடை ஒரு கப்பில் பிடித்துப் படம் எடுத்ததுதான் மிக நல்ல காரியம். பால் காபி நிறத்தில் இருக்கிறது. தண்ணீரும் ஆயிலும் கலந்தால்தான் இந்த நிறம் வரும். வெறும் தண்ணீர் என்றால் டிரையர் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். இதில் கம்ப்ரஸர் ரிங்கும் தேய்ந்திருக்கிறது.

கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றாதீர்கள், ஆயில் பட்ட புதுக் கார்ட்ரிட்ஜ் சீக்கிரமே செயலிழந்துவிடும். கம்ப்ரஸரிலிருந்து டிரையருக்கு வருகிற குழாயைக் கழற்றி உள்ளே கரி படிந்திருக்கிறதா பாருங்கள். படிந்திருந்தால் கம்ப்ரஸரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, குழாயைச் சுத்தம் செய்து, கடைசியில் கார்ட்ரிட்ஜ். ஆயில் வால்வு ரப்பர்களையும் ஊதிப் பெருக்க வைக்கும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். இந்த வேலை முடியும் வரை தினமும் காலையில் எல்லா டேங்கிலும் தண்ணீர் திறந்து விடுங்கள். முடிந்த பிறகும் வாரம் ஒரு முறை. டிரையர் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. திறந்தால் என்ன வருகிறது என்பது டிரையரின் நிலைமையையும் சொல்லும்.

ஜூன் 16, இரவு

இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று, முதல் லோடு போய் வந்ததும் பட்டை போல்ட்டை இன்னொரு முறை பாருங்கள். புது ரப்பர் அமுங்கியிருக்கும், நிச்சயம் கொஞ்சம் இறுகும்.

இரண்டு, பழைய டேங்க். அதைக் காயலான் கடைக்கு அப்படியே போடாதீர்கள். யாராவது பொட்டு வைத்துப் பெயின்ட் அடித்து இன்னொரு வண்டிக்கு விற்பார்கள். எல்லாத் துளையையும் திறந்துவிட்டு, பக்கத் தகட்டில் பெரிய பிட் போட்டு நாலைந்து இடத்தில் டிரில் செய்யுங்கள், அல்லது ஹேக்ஸாவில் குறுக்கே அறுத்துவிடுங்கள். கேஸ் கட்டர் வேண்டாம், உள்ளே ஆயில் இருக்கிறது. அறுத்த பிறகு பட்டை இருந்த இடத்தில் தகடு எவ்வளவு மிச்சம் என்று அளந்து படம் போடுங்கள். உப்பு லோடு ஓட்டுகிற மற்றவர்களும் பார்க்கட்டும்.